கீழே நிற்கிறவன்

நீண்ட கம்பின் நுனியில் ஒரு சாண் நீளத் தகடு, அதைச் சுற்றி ஓடும் பல்வைத்த செயின், கைப்பிடிப் பக்கம் ஒரு பற்றரி அல்லது வயர். இந்தச் சாமானைக் கண்டியில் எல்லோரும் போல் சோ என்றுதான் சொல்கிறார்கள். அது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம் இருக்கும்: மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் புல்தரையில் நின்று, தலைக்கு மேலுள்ள கொப்பைச் சிரித்துக்கொண்டே அறுக்கிறார். சிரிப்பைக்கூட மன்னித்துவிடலாம், அந்தப் புல்தரைதான் எனக்கு உறுத்துகிறது. அம்பிட்டியவிலோ ஹந்தானை அடிவாரத்திலோ மாவில்மடையிலோ ஒரு வீட்டுக்குப் பின்னால் அப்படியொரு சமதரையைக் காண்பது அபூர்வம். மலையை வெட்டிப் படிபடியாக இறக்கிய துண்டுகளில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். எங்கள் தோட்டத்து மண்மட்டமும் பள்ளத்து வீட்டாரின் கூரைமட்டமும் ஏறக்குறைய ஒன்று. மேட்டு வீட்டுப் பலாவின் கொப்பு எங்கள் குசினிக்கு மேலே நிற்கிறது. பலா, ஈரப்பலா, சாதிக்காய், கராம்பு, பட்டர்புருட், கித்துள், மிளகுக்கொடி சுற்றிய கிளிரிசிடியா என்று அடுக்கடுக்காக நிற்கும் கண்டி வீட்டுத்தோட்டத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மேலிருந்து கீழே எத்தனை அடுக்கு என்று அவர்கள் எண்ணுவார்கள். கொப்பு கழிக்கப் போகிறவன் எண்ண வேண்டியது வேறொன்று: அறுந்த கொப்பு எத்தனை படியைத் தாண்டி யார் வீட்டுச் சீட்டில் போய் நிற்கும் என்பது.

சரிவு செய்கிற இன்னொரு மோசடி கரண்ட் கம்பி விஷயத்தில். லைன் என்றால் தலைக்கு மேலே எங்கோ உயரத்தில் போவது என்ற நினைப்பு சமதரையில் பழகிய கண்ணுக்கு உரியது. கீழ்ப் பாதையின் போஸ்டிலிருந்து போகிற லைன் பாதையில் நடப்பவருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதே லைன் இரண்டு படி மேலேயுள்ள தோட்டத்தில் நிற்பவருக்கு நெஞ்சுமட்டம். அங்கே நின்று மூன்று மீற்றர் கம்பை நீட்டுகிறவர் மேலே கொப்பைப் பார்ப்பாரே தவிர, பக்கவாட்டில் இலைகளுக்குள் மறைந்து போகிற வயரைப் பார்க்கமாட்டார். இந்தக் கருவிக்கு மின்காப்பு கிடையாது என்று கையேடுகளில் எழுதியிருக்கும். அலுமினியக் கம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஃபைபர் கம்பையும் நம்பக்கூடாது, அதன் மேல் மழை ஈரமும் மரப்பாலும் ஒயிலும் அப்பியிருக்கும். லைனிலிருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளி வேலை செய்யச் சொல்லும் கையேடுகள் உண்டு, 15 மீற்றர் என்று கண்டிப்பாகச் சொல்பவையும் உண்டு. 15 மீற்றரை நேர்மையாக அளந்தால் கண்டி நகர எல்லைக்குள் இந்தக் கருவியை நீட்டக்கூடிய தோட்டங்கள் கொஞ்சம்தான் தேறும். விற்கிறவரும் அளப்பதில்லை, வாங்குகிறவரும் அளப்பதில்லை. "பற்றரிதானே, வயர் இல்லைதானே" என்று ஒரு சமாதானம் கடையிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பற்றரியில் ஓடினால் காலடியில் கிடக்கும் வயரை அறுத்துவிடும் பயம் போகும், அவ்வளவுதான். பாதையோர லைனில் ஓடும் 11,000 வோல்டுக்கு உங்கள் கையில் இருப்பது பற்றரிச் சாமானா வயர்ச் சாமானா என்று தெரியாது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது வீட்டுக்குள் போய்த் திரும்பும் கரண்டில் 30 மில்லி அம்பியர் குறைந்தால் விழுகிற சுவிட்ச். வெளி லைனிலிருந்து கம்பு வழியாக, கை வழியாக, ஈர மண்ணுக்கு இறங்கும் கரண்ட் அந்த சுவிட்ச்சின் வழியில் வருவதே இல்லை. ஆகவே அது விழாது, ஆள்தான் விழுவார்.

வயரில் ஓடுகிற போல் சோ வைத்திருப்பவருக்கு மட்டும் ட்ரிப் சுவிட்ச் உண்மையான துணை. சாமானுக்குள் நீர் இறங்கினாலோ எக்ஸ்டென்ஷன் வயரின் தோல் உரிந்தாலோ அதுதான் காப்பாற்றும், மாதம் ஒரு தடவை அதன் பட்டனை அமுக்கிப் பார்த்திருந்தால். றீலில் சுற்றிய எக்ஸ்டென்ஷனை முழுவதும் உருவிப் போட வேண்டும், சுற்றியபடியே ஓட்டினால் உள்ளே சூடேறி வயர் இளகும். மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் மோட்டருக்குப் போகிற வோல்ட் குறையும், அது முனகிக்கொண்டு ஓடும், செயின் மரத்தைக் கடிக்காமல் உரசும், பிடித்திருப்பவர் பொறுமையிழந்து அழுத்துவார். விபத்து என்று நாம் சொல்வது பல தடவை இப்படி அறுக்காத ஒரு செயினிலிருந்து தொடங்குகிறது.

ஹந்தானைப் பக்கத்து லயனிலிருந்து எங்கள் பகுதிக்கு மரம் கழிக்க வருகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். இடுப்பில் கயிறு, முதுகுப்பக்கம் கத்தி, காலில் ஒன்றும் கிடையாது. அவர் ஏறும்போது நான் கீழே நின்று பார்ப்பது வழக்கம். கையால் பிடிப்பதற்கு முன் அவர் காலால் கேட்கிறார். பாதத்தை மெதுவாக வைத்து, கொஞ்சம் பாரம் கொடுத்து, எடுத்து, மறுபடி வைத்து. உள்ளே கோறையாகிப்போன கொப்பு பாதத்துக்கு வேறு மாதிரித் தெரியுமாம். ஒரு கவட்டை வந்ததும் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பார், குளவிக்காக. தேயிலை மலையில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி பேப்பரில் வராத மாதமே இல்லை என்று சொல்லலாம். அந்தப் பழக்கம் அவர் உடம்பிலேயே இருக்கிறது. போல் சோவை அவர் கையில் கொடுத்து என்ன நினைக்கிறார் என்று கேட்டேன். தூக்கிப் பார்த்தார், நுனிப் பாரம் இழுக்கிறது என்றார். பிறகு சொன்னார்: "சேர், மேல ஏறினவன் பயந்துகிட்டே இருப்பான், அதனால தப்பிச்சுக்குவான். கீழ நிக்கிறவன்தான் வாயப் பார்த்துகிட்டு நிப்பான்." இதைப் பொன்மொழியாக எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. மேலே ஏறினவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்வதில்லை என்பது கித்துள் சீவுகிறவர்களின் ஊர்களில் கேட்டால் தெரியும். விழுந்து இடுப்பொடிந்து படுக்கையில் கிடக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு பாதி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏறுகிறவரின் பயத்தை இந்தக் கருவி எடுத்துவிடுகிறது, ஆபத்தை எடுப்பதில்லை. ஆபத்து அதே கொப்பில்தான் இருக்கிறது. இடம் மாறியது ஆள்தான்: முன்பு கொப்புக்கு மேலே இருந்தார், இப்போது கீழே இருக்கிறார். கொப்பு விழுவது கீழ்நோக்கித்தான்.

நீட்டிய கம்பு கிடைநிலையிலிருந்து 60 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்று சொல்வதன் காரணமும் இதுவே. நிமிர்த்திப் பிடித்தால் உயரம் கிடைக்கும், ஆனால் அறுந்தது நேரே தோளில் வந்து இறங்கும். அதிலும் எங்கள் சரிவில் இன்னொரு கணக்கு இருக்கிறது. கொப்பு விழுந்த இடத்தோடு நிற்பதில்லை, உருளும். கொப்புக்குப் பள்ளப் பக்கமாக நின்று அறுக்கிறவர், கொப்பு மண்ணைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று கம்பைத் தாழ்த்துகிற நேரத்தில்தான் அது புரண்டு வந்து காலை வாரும். கோப்பிக் காலத்தில் இந்த மலைகளைக் காடழித்த விதம் ஞாபகத்துக்கு வருகிறது. சரிவின் அடியிலிருந்து ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டிக்கொண்டே மேலே போவார்கள், ஒன்றையும் சாய்ப்பதில்லை. உச்சிக்கு வந்ததும் மேல் வரிசையை மட்டும் முழுக்க வெட்டிவிடுவார்கள். அது அடுத்த வரிசையின் மேல் சாய, அது அதற்கடுத்ததன் மேல் சாய, மலைப்பக்கம் முழுவதும் ஒரே இரைச்சலில் கீழே போகும். சரிவுக்குத் தன்பாட்டில் ஒரு பலம் இருக்கிறது என்பதை அந்தக் கோடரிக்காரர்கள் விளங்கிவைத்திருந்தார்கள். அந்த அறிவை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு வருத்தம்.

அறுக்கும் முறையிலும் தூரம் ஒரு திரை போடுகிறது. கொப்பை ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால் முக்கால்வாசி போனதும் அது தன் பாரத்தில் முறிந்து, அடிமரத்தின் தோலை நீளமாக உரித்துக்கொண்டு தொங்கும். அதனால் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, அடிப்பக்கம் முதலில் கால்வாசி அறுக்க வேண்டும், பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து. கொப்பு போன பின் மிஞ்சிய கட்டையை அடியில் சுத்தமாக எடுக்க வேண்டும். தகட்டின் மேல் விளிம்பால் அடிப்பக்கத்தை அறுக்கும்போது செயின் கம்பை நம்மை நோக்கித் தள்ளும், கீழ் விளிம்பால் மேலிருந்து அறுக்கும்போது கம்பை நம்மிடமிருந்து இழுக்கும். இதை எதிர்பார்க்காதவர் சரிவில் ஒரு அடி பின்னால் வைப்பார், பின்னால் அடி இருக்காது. தகட்டின் நுனி வேறொரு கொப்பில் பட்டால் துள்ளும். கடைசி வெட்டு இன்னும் நுணுக்கமானது. கொப்பு அடிமரத்தில் பிறக்கும் இடத்தில் வளையம் போல் ஒரு தடிப்பு இருக்கும், அதை விட்டு வெளியே அறுக்க வேண்டும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின் சோவால் நெடுக்கே பிளந்து பார்த்து இதைச் சொன்னார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் கட்டி அடைத்துவிட்டு அதன் மேல் வளர்கிறது. அந்தச் சுவர் கட்டும் இடம் அந்தத் தடிப்பு. அடிமரத்தோடு ஒட்ட வழித்து வெட்டினால் அழகாக இருக்கும், உள்ளே உக்கத் தொடங்கும். வெட்டுவாயில் தாரும் பெயின்டும் பூசுவதால் உக்கல் நிற்பதில்லை என்பதும் அவர் காட்டியது. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பூசுகிறார்கள், மனத்திருப்திக்கு. மூன்று மீற்றர் கீழே நின்று, கண்ணில் தூள் விழ, கழுத்து இழுக்க, அந்தத் தடிப்பு எங்கே முடிகிறது என்று பார்ப்பது எளிதல்ல. அது ஏறுகிறவரின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அறுப்பவர்களைப் பார்க்கிறேன். ஒன்றுமில்லாததற்கு அது மேல் என்றாலும், அண்ணாந்து பார்க்கவும் விடாது, கொப்பு முறியும் சத்தத்தைக் கேட்கவும் விடாது.

தோட்டத்துக் கவ்வாத்துக்காரர்கள் காலையில் மலைக்குப் போகுமுன் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி மலையகத்தில் வளர்ந்த யாருக்கும் பழக்கம். அந்த நேரம் கூலியில் சேராது, ஆனாலும் தீட்டாமல் யாரும் போகமாட்டார்கள். மொட்டைக் கத்தி தேயிலைத் தண்டைச் சிதைத்துவிடும், கையையும் சோர வைக்கும். போல் சோவுக்கும் கல் இருக்கிறது, அதைத் தேடுகிறவர்கள்தான் குறைவு. இந்தச் சின்னச் செயின்கள் பலவற்றுக்கு 4 மில்லிமீற்றர் வட்ட அரம் போதும். பல்லின் உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கைத் தேய்ப்பு. ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் குட்டையானால் வெட்டு வளைந்து போகும், தகடு கொப்புக்குள் இறுகிக்கொள்ளும். கூராக இருந்தால் சீவல் விழும், மொட்டையானால் மாவு விழும். காலடியில் விழுவதைப் பார்த்தாலே போதும், வேறு சோதனை வேண்டாம். செயினுக்கு ஒயில் விழுகிறதா என்று பார்க்க, பழைய வீரகேசரி ஒன்றை விரித்து அதன் மேலே தகட்டை நீட்டிக் கொஞ்சம் ஓட்டினால் பேப்பரில் மெல்லிய கோடு விழும். கோடு இல்லையென்றால் வழி அடைபட்டிருக்கிறது. பலர் கராஜில் வடித்த கழிவு ஒயிலை ஊற்றுகிறார்கள், மலிவு என்பதால். அதில் இரும்புத் தூள் இருக்கும், தகட்டையும் பம்பையும் தின்னும், கீழே மிளகுக்கொடியின் மேலும் சொட்டும். பலா அறுத்தால் இன்னொரு தொல்லை: பால். தகட்டின் காடிக்குள் போய் இறுகி, அடுத்த நாள் பசை மாதிரி செயினைப் பிடித்துக்கொள்ளும். பலாக்காய் வெட்டும்போது கையில் தேங்காய் எண்ணெய் பூசுகிற வீடுகளில் இதற்கு மருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அன்றைக்கே பற்றரியைக் கழற்றிவிட்டு, செயினை எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்துக் காடியைக் குச்சியால் வழித்துவிட வேண்டும். பற்றரியைக் கழற்றிவிட்டு என்பதை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள். சூடாக இருக்கும்போது செயினை இறுக்கிவிட்டுப் போனால் ஆறியதும் அது சுருங்கித் தகட்டை நெரிக்கும். பற்றரி பற்றியும் ஒரு வார்த்தை. சில மலிவுச் சாமான்களின் பற்றரியில் 98 என்றும் 198 என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஐந்து செல் வரிசை இருக்கும், முழுச் சார்ஜில் 21 வோல்ட். தன் வோல்டையே இப்படிச் சொல்கிற பெட்டியில் எழுதியிருக்கும் மற்ற உறுதிமொழிகளை எப்படி நம்புவது?

இவ்வளவும் கருவியைப் பற்றிய கவலை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை மரத்தைப் பற்றியது. 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடும் பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைகளைச் சரித்து வீடுகளோடும் ஆட்களோடும் இறக்கியது. அதன் பிறகு மழை கனத்தால் நாங்கள் முதலில் பார்ப்பது மரத்தை. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏறுகிறவரைத் தேடி, நாள் கேட்டு, கூலி பேசி, அவர் வந்து மரத்தைச் சுற்றி நடந்து, "இது வேணாம் சேர், இது நல்ல கொப்பு" என்று மறுத்து, கடைசியில் இரண்டை மட்டும் எடுத்த காலத்தில் பயத்துக்கும் வெட்டுக்கும் இடையில் ஒரு வாரமாவது இருந்தது. இப்போது இரவு பயந்தால் காலையில் அறுத்துவிடலாம். பலாவும் ஈரப்பலாவும் அடியோடு வெட்ட அனுமதி வேண்டிய மரங்கள், 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதற்கு முன்பே பாணந்துறை ஆர்தர் வி. டயஸ் நாடெங்கும் பத்து லட்சம் பலா நட வேண்டுமென்று புறப்பட்டு, 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்று பெயரெடுத்தார். 2019இல் செயின் சோ வைத்திருப்பவர்கள் பொலிஸில் பதிய வேண்டும் என்று வந்ததும் இதே கவலையில்தான். கம்பின் நுனியில் இருந்தாலும் செயின் சோ செயின் சோதான் என்பது என் எண்ணம். அடிமரத்தைத் தொடாமல், கொப்புக் கொப்பாகக் கழித்தே ஒரு மரத்தைச் சாகடிக்க முடியும், எந்த அனுமதியும் கேட்காமல். சரிவில் வேர் மண்ணைப் பிடித்திருக்கிறதா, பாரமாக நின்று மண்ணை இழுக்கிறதா என்பது ஒவ்வொரு மரத்துக்கும் வேறு. அதை முடிவு செய்ய வேண்டியது பார்க்கத் தெரிந்த ஒருவர். கையில் சாமான் இருக்கிறது என்பது அந்தத் தகுதி ஆகாது.

கூலி விஷயத்தையும் மறைக்க வேண்டாம். இந்தக் கருவியை வாங்குகிறவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: இன்னொருவரை உயிரைப் பணயம் வைத்து ஏற்றக்கூடாது என்று. நானும் அதைச் சொல்லியிருக்கிறேன், உண்மையாகவும் நினைத்திருக்கிறேன். ஆனால் அந்த இரக்கத்தோடு ஒரு நாள் கூலி மிச்சமாவதும் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. ஏறாமல் விட்டதற்காக அந்த அண்ணனுக்கு யாரும் ஒன்றும் கொடுப்பதில்லை. அவரோடு பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். மணிக்கட்டுப் பருமன் வரையான, தோளுக்குச் சற்று மேலே நிற்கும் கொப்பு என் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது, கயிறு கட்டி இறக்க வேண்டியது, கூரைக்கு மேலே நிற்பது எல்லாம் அவர் வேலை, பழைய கூலியே. லைன் பக்கம் சாய்ந்ததை அவரும் தொடமாட்டார், நானும் தொடமாட்டேன். அதற்கு 1987 என்ற மின்சார முறைப்பாட்டு இலக்கத்தை அழைத்து லைனை நிறுத்தக்கூடியவர்கள் வரும்வரை காத்திருப்பது. காத்திருப்பு நீளலாம், நீளட்டும். நான் அறுக்கும்போது அவரோ வேறு ஒருவரோ பள்ளப் பக்கத்துப் படிக்கட்டில் நின்று ஆட்களை மறிக்க வேண்டும், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு.

இப்போது தொல்லை இரவல் கேட்டு வருகிறவர்கள். ஏணி, அலவாங்கு, தேங்காய் உரிக்கும் பாரை என்று எங்கள் ஒழுங்கையில் எல்லாம் கைமாறிக்கொண்டே இருக்கும், இல்லையென்று சொல்கிற வழக்கம் கிடையாது. போல் சோவை மட்டும் தனியாகக் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் நானும் வருவேன், முதலில் லைனைப் பார்ப்பேன், குளவியைப் பார்ப்பேன், யார் பள்ளப் பக்கம் நிற்பது என்று கேட்பேன், மழை தூறினால் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இதைக் கேட்டதும் பாதிப் பேர் "பிறகு பார்ப்போம்" என்று போய்விடுகிறார்கள். மேட்டு வீட்டுக்காரர் மட்டும் முகத்துக்கு நேரே கஞ்சன் என்றார். அடுத்த கிழமை கடையில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார், கையேட்டைப் பெட்டியோடு திண்ணையில் போட்டுவிட்டு.